பிளக் வார்க்கும் ஆலைக்கு மகனை அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) தேறிய உங்கள் மகன் பல்கலைக்கழகம் வேண்டாம் என்று சொல்லி, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு அருகே பைன்டவுனில் மின்வயர்களுக்கு பிளக் வார்க்கும் பிளாஸ்டிக் ஆலையில் சேரத் துடிப்பதாகவும், சாட்ஸ்வொர்த்தில் உள்ள உறவினர்கள் அதைக் கூலிவேலை என்று பேசுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவனை அனுப்பலாம் என்பதே என் கருத்து. ஆனால், எந்த ஒப்பந்தத்தின் பேரில் சேர்கிறான் என்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

அங்கே நடப்பது எளிய வேலை அல்ல. வயரின் செப்பு இழைகளைப் பிளக் முனைகளோடு இறுக்கி, அவற்றை அச்சுக்குள் வைத்து மூடியதும், உருகிய பி.வி.சி. அழுத்தத்தோடு பாய்ந்து எல்லாவற்றையும் ஒரே உடலாக இறுக்கிக்கொள்கிறது. ஓர் இழை விலகி நின்றாலும், பின்னாளில் யாரோ ஒருவர் வீட்டில் மின்கசிவோ தீயோ நேரலாம் என்பதால்தான், ஒவ்வொரு பிளக்கும் மின்சோதனைக்குப் பிறகே வெளியே போகிறது.

பி.வி.சி. மற்ற பிளாஸ்டிக்குகளைவிடக் கையாளக் கடினமானது. ஏறத்தாழ 160 முதல் 200 டிகிரி செல்சியஸுக்குள் அதை உருக்க வேண்டும். சூடு மிகுந்தாலோ, எந்திரத்தில் பிளாஸ்டிக்கை உருக்கும் உருளையான சூடான பேரலுக்குள் நெடுநேரம் தங்கினாலோ அது சிதைந்து, முதலில் மஞ்சளாகவும் பிறகு பழுப்பாகவும் மாறி, மூக்கை எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும். அந்த வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, அச்சின் எஃகையும் அரித்துவிடும். மின்வெட்டுக்குப் பழகிய நம் நாட்டில், மின்சாரம் திடீரென்று நின்றால் பேரலுக்குள் இருக்கும் பி.வி.சி.யை என்ன செய்வது என்று தெரிந்த செட்டர், அதாவது எந்திரத்தை அமைத்து ஓட்டத்துக்குத் தயார் செய்பவர்தான் எந்திரத்தைக் காப்பாற்றுகிறவர். அந்த அறிவுக்குத்தான் ஆலைகள் நல்ல சம்பளம் தருகின்றன.

ஆகவே, பட்டனை அழுத்தி பிளக்கை எடுத்து வைக்கும் ஆபரேட்டராக மட்டும் அவனை எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பல ஆண்டுகள் கழித்தும் அவன் கையில் ஒரு சான்றிதழ்கூட இருக்காது. பிளாஸ்டிக் எந்திர செட்டர் அல்லது அச்சு வெட்டும் டூல் மேக்கர் தொழிலுக்கு, உற்பத்தி, பொறியியல் துறைகளின் பயிற்சி ஆணையமான மெர்செட்டாவில் பதிவு செய்த அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) ஒப்பந்தம் எழுதித் தருகிறார்களா என்று கேளுங்கள். பயிற்சி முடிந்து டிரேட் டெஸ்ட் என்னும் தொழில்திறன் தேர்வில் தேறினால், நாடு முழுவதும் செல்லுபடியாகும் ஆர்ட்டிசன் (தேர்ந்த தொழிலாளர்) தகுதி கிடைக்கும்.

இவ்விரண்டில் நான் டூல் மேக்கரையே விரும்புகிறேன். நாம் காலங்காலமாகப் பயன்படுத்தும் மூன்று பெரிய உருண்டை முனைப் பிளக்கோடு, எஸ்.ஏ.என்.எஸ். 164-2 என்னும் தேசியத் தரத்தின்படி அமைந்த சிறிய பிளக்கும் இப்போது புழக்கத்துக்கு வந்துவிட்டது. வடிவம் மாறும்போதெல்லாம் புதிய அச்சு வெட்ட வேண்டும். பழைய அச்சு தேய்ந்தால் பழுது பார்க்கவும் வேண்டும். அச்சு வெட்டக் கற்றவன் பிளக் ஆலையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளும் அவனை எடுத்துக்கொள்ளும்.

மெட்ரிக்கில் அவன் எடுத்தது கணிதமா, அதைவிட எளிய பாடமான கணித எழுத்தறிவா என்பதை நீங்கள் எழுதவில்லை. முன்னது என்றால், தெக்வினி போன்ற டி.வெட் (தொழிற்கல்வி) கல்லூரியில் பொறியியல் படிப்புகளைத் தொடரவும், பிற்காலத்தில் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டிப்ளமோவுக்கு முயலவும் வழி உண்டு. பின்னது என்றால், கணிதத்தை மறுபடி எழுதுவதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளட்டும். கல்லூரிக் கட்டணத்தை எண்ணிக் கலங்க வேண்டாம். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மேற்படாவிட்டால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்னும் அரசின் மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

கையெழுத்திடும் முன் ஒருமுறை ஆலைக்குள் சென்று பார்க்க அனுமதி கேளுங்கள். எந்திரத்துக்கு மேலே புகை உறிஞ்சும் குழாய் ஓடுகிறதா, பாதுகாப்புக் கதவைத் திறந்ததும் எந்திரம் தானாக நிற்கிறதா, அசெட்டால் பிளாஸ்டிக் ஓட்டிய எந்திரத்தைச் சுத்தம் செய்யாமல் பி.வி.சி. போடுகிறார்களா என்று மகனையே விசாரிக்கச் சொல்லுங்கள். பேரலுக்குள் அவை இரண்டும் கலந்தால் பேராபத்து. இக்கேள்விகளுக்கு மேற்பார்வையாளர் பொறுமையாகப் பதில் சொல்லாத ஆலை எதுவானாலும், வேறிடம் பாருங்கள்.