படம் வரையும் பிள்ளைக்கு நாடக மேடை சோறு போடுமா?

பாம்பனிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பிளஸ் 2 முடிக்கப்போகிறாள், நாடகத்துக்கு செட் போடுவதைத்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். திருவிழா நாடகத்துக்குப் படுதா எழுதுகிற வேலைக்கு ஒரு படிப்பா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அவர் கேட்பதில் தப்பில்லை. தமிழ்நாட்டில் நாடக மேடை அமைப்பை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் இதே கை வேலையைத்தான் சினிமாவின் கலைத்துறை, தொலைக்காட்சி அரங்குகள், கண்காட்சி, அருங்காட்சியகம், கல்யாண மேடை எல்லாம் கூப்பிட்டு வாங்குகின்றன. அதனால் பிள்ளையை நாடகத்துக்குள் மட்டும் அடைத்துவிடாத படிப்பாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும். பூம்புகாரில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த பி. கிருஷ்ணமூர்த்தி நாடக மேடைக்கும் வேலை செய்தார், சினிமாவில் கலை இயக்கத்துக்குத் தேசிய விருதும் வாங்கினார்.

படிப்பைப் பற்றிப் பேசுமுன், வேலை என்னவென்று நீங்களும் பிள்ளையும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். நன்றாக வரைகிறாள் என்பது நுழைவுச்சீட்டு மட்டும்தான். மேடை வடிவமைப்பாளர் முதலில் நாடகப் பிரதியைப் படிக்கிறார். எந்தக் காட்சியில் யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார், எத்தனை பேர் ஒரே நேரத்தில் நிற்கிறார்கள், என்ன பொருள் வேண்டும் என்று குறித்துக்கொண்டு இயக்குநரோடு உட்காருகிறார். அதற்குப் பிறகுதான் தரைப்படம், குறுக்குவெட்டுப் படம், மாதிரி, பொருள் பட்டியல், செலவுக் கணக்கு, தச்சரோடும் பெயின்டரோடும் லைட்காரரோடும் வேலை. அளவு, எடை, பணம் இந்த மூன்றும் பிடிபடாமல் எவ்வளவு அழகாக வரைந்தாலும் செட் மேடை ஏறாது.

மேடை ஏறாமல் போகிற செட்டுகளில் பலவற்றின் கோளாறு சின்னதாகத்தான் இருக்கும். எட்டுக்கு நாலு பிளைவுட்டை அப்படியே வைத்துச் சட்டம் அடித்திருப்பார்கள். டாடா ஏஸ் வண்டியின் பின்தட்டு 7 அடிதான். மீதி ஒரு அடி வெளியே நீட்டிக்கொண்டு வந்து, பாம்பன் பாலத்தின் மேல் காற்றில் ஆடி, மூலை உடைந்து இறங்கும். 10 அடி உயரத்தில் ஒரே துண்டாகச் செய்த பலகை பள்ளி மண்டபத்தின் 7 அடிக் கதவுக்குள் நுழையாது. வண்டியின் அளவையும் வாசலின் அளவையும் டேப்பால் எடுத்த பிறகுதான் மரம் அறுக்க வேண்டும்.

உங்கள் கரையில் இன்னொரு விஷயம் இருக்கிறது, காற்று. மதுரையில் மூடிய அரங்குக்குள் நிற்கிற செட், ஆடி மாதக் கச்சான் காற்றில் கோயில் பொட்டலில் நிற்காது. கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் பாருங்கள். 20 அடி அகலம், 10 அடி உயரத்தில் துணி போர்த்திய ஒரு பின்சுவர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று அதன் முதுகில் அடித்தால் சுமார் 135 கிலோ எடை தள்ளுவதற்குச் சமம். அந்தத் தள்ளல் நடு உயரத்தில், அதாவது 5 அடியில் விழுகிறது. பின்னால் கொடுக்கிற முட்டுக்கட்டையின் கால் 4 அடி தள்ளி ஊன்றியிருந்தால், 135-ஐ 5-ஆல் பெருக்கி 4-ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 170 கிலோ வரும். அவ்வளவு எடையும் முட்டுகளின் காலில் இருந்தால்தான் சுவர் முன்பக்கம் நடிகர்கள் மேல் சாயாமல் இருக்கும். 25 கிலோ மணல் மூட்டை ஏழு வைத்தால் கணக்கு நேராகும். வேலைக்குப் பத்து வைக்க வேண்டும், ஐந்து முட்டு, முட்டுக்கு இரண்டு மூட்டை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நாலு மடங்கு. அப்போது மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கக் கூடாது, செட்டை இறக்கிவிட வேண்டும். அனுபவசாலிகள் இதை முதலிலேயே யோசித்து, கெட்டிச் சுவருக்குப் பதில் மூங்கில் தட்டியோ வலைத்துணியோ கட்டி, காற்றுக்கு வழி விட்டுவிடுவார்கள். வலைத்துணியில் இன்னொரு வசதியும் உண்டு. முன்னாலிருந்து சாய்வாக வெளிச்சம் போட்டால் அதில் தீட்டிய ஓவியம் சுவர்போலத் தெரியும். அந்த விளக்கை அணைத்துப் பின்னால் நிற்கிறவர் மேல் வெளிச்சம் போட்டால் சுவர் மறைந்து ஆள் தெரிவார்.

ஓலை, கிடுகு, காடாத் துணி எல்லாம் நெருப்புக்கு முதல் இரை. 1 லிட்டர் தண்ணீரில் 70 கிராம் வெண்காரமும் 30 கிராம் போரிக் அமிலமும் கரைத்து நனைத்துக் காயவைத்தால் தீ சட்டென்று பரவாது. மழையில் நனைந்தால் மருந்து கரைந்துபோகும், திரும்பப் போட வேண்டும். ஒரு துண்டை வெளியே எடுத்துப்போய்க் கொளுத்திப் பார்த்த பிறகே மேடையில் கட்ட வேண்டும்.

கடற்கரைப் பிள்ளைக்கு இந்தத் தொழிலில் ஒரு முன்கை இருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். கயிறு, முடிச்சு, கப்பி மூன்றும் நாடகத் திரையைத் தூக்கி இறக்குகிற வேலைக்கு அடிப்படை. உங்கள் வீட்டில் அது சிறுவயதுப் பழக்கம். மரவல்லம் கட்டுகிற ஆசாரி ஏராவில் (படகின் அடிமரத்தில்) வங்குகளை (விலா எலும்புபோல வளைந்த சட்டங்களை) ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி வளைவைக் கொண்டுவருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால், மேடையில் வளைந்த சுவரும் குகையும் செய்வது எப்படி என்று பாதி புரிந்துவிடும். பைபர் வல்லம் பழுதுபார்க்கும் பட்டறையில் கற்றுக்கொள்ளும் வார்ப்பு வேலைதான் சினிமாவில் சிலையும் தூணும் செய்ய உதவுகிறது. ஆனால் அங்கே ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: ரெசினில் (வார்ப்புப் பிசினில்) முதலில் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைக் கலக்கி, அது நன்றாகச் சேர்ந்த பிறகே இறுகவைக்கும் மருந்தான கேட்டலிஸ்ட்டை ஊற்ற வேண்டும், 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி. கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பிள்ளையைத் தொட விடாதீர்கள்.

இனிப் படிப்பு. பிளஸ் 2 முடித்ததும் முதல் தேர்வாகச் சென்னை அல்லது கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியைப் பாருங்கள். பி.எப்.ஏ. என்கிற கவின் கலை இளங்கலை 4 ஆண்டு, திறனறித் தேர்வு உண்டு, தனியார் கல்லூரியோடு பார்த்தால் செலவு குறைவு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். விண்ணப்பத்தைக் கல்லூரி வழியாகக் கொடுக்க வேண்டும். மலையாளம் பழகிக்கொள்ளத் தயார் என்றால் திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியில் நேராக நாடக இளங்கலை படிக்கலாம். மரவேலையில்தான் ஆசை அதிகம் என்றால் தச்சர் பிரிவு உள்ள ஐ.டி.ஐ.யில் ஓராண்டு படிப்பதும் வீண் இல்லை. கட்டத் தெரிந்தவர் வரைந்த படத்தைத் தச்சர்கள் மறுபேச்சு இல்லாமல் ஏற்பார்கள்.

பட்டத்துக்குப் பிறகு மூன்று வழிகள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை முதுநிலை, சேர்க்கை கியூட் என்கிற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு வழியாக. புனே திரைப்படக் கல்லூரியில் கலை இயக்கப் படிப்பு. சினிமாதான் குறி என்றால் இது. மூன்றாவது, டெல்லி தேசிய நாடகப் பள்ளி. 1959-இல் தொடங்கியது, 3 ஆண்டுப் படிப்பு, மாணவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. அதற்கு எந்தப் பட்டமும் போதும், ஆனால் குறைந்தது 6 நாடகங்களில் பங்கேற்ற அனுபவம் கேட்பார்கள். இந்தியும் ஆங்கிலமும் சமாளிக்கும் அளவுக்கு வேண்டும். கடைசி நேரத்தில் 6 நாடகச் சான்றிதழுக்கு அலைகிறவர்கள் நிறைய. உங்கள் மகள் இன்றைக்கே எண்ணத் தொடங்கலாம்: பள்ளிக் கலைத் திருவிழா, ஊர்ப் பங்குக் கோயிலில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம், கோயில் கொடையில் நடக்கும் வள்ளி திருமணம். ஒவ்வொன்றுக்கும் குழுவின் பெயர், நாடகம், நாள், இடம், இவள் செய்த வேலை எல்லாம் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் அந்த வாரமே வாங்கிவிட வேண்டும்.

வருமானம் மாதச் சம்பளமாக வராது, வேலைக்கு வேலை பேசுவதுதான். தொடக்கத்தில் உதவியாளராகச் சில ஆண்டுகள் போகும். சினிமாவில் தொழிற்சங்க உறுப்பினர் அட்டை கேட்பார்கள், அதற்குக் கட்டணமும் உண்டு. பேசிய தொகையில் ஒரு பங்கை மரம் வாங்குமுன் கையில் வாங்கிக்கொள்வது, பொருள் செலவைத் தன் கூலியோடு கலக்காமல் தனி நோட்டில் எழுதுவது என்ற இரண்டு பழக்கங்களையும் முதல் நாடகத்திலேயே பிடிக்கச் சொல்லுங்கள். இரவு வேலை உண்டு. பெண் பிள்ளை என்பதால் தங்குமிடம், திரும்பும் வண்டி, கூட இருக்கும் பெண்கள் யார் என்று நீங்கள் கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்லத் தயங்குகிற குழுவோடு அனுப்பாதீர்கள்.

இந்த விடுமுறைக்கு ஒரு வேலை தருகிறேன். பள்ளி மேடையை அளக்கச் சொல்லுங்கள்: முகப்பு அகலம், ஆழம், உயரம், பக்கவாட்டு இடம், மின் இணைப்பு எங்கே. அடிக்கு அரை அங்குலம் என்று வைத்துத் தடித்த அட்டையில் மாதிரி செய்யட்டும். 24 அடி முகப்பு 12 அங்குலம், 18 அடி ஆழம் 9 அங்குலம், ஐந்தரை அடி ஆள் இரண்டே முக்கால் அங்குலம். ஆளை வெட்டி நிறுத்தாமல் எந்த மாதிரியும் வேண்டாம். ஆள் இல்லாவிட்டால் கதவு சின்னதா பெரியதா என்று யாருக்கும் தெரியாது. பிறகு முதல் வரிசையின் ஓரத்து நாற்காலி இருக்கும் இடத்திலிருந்து மேடைக்குள் ஒரு நூலை இழுத்துப் பார்க்கட்டும். நூல் தட்டாமல் உள்ளே போகிற இடமெல்லாம் அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்குத் தெரியும். உடை மாற்ற நிற்கும் நடிகரும் தெரிவார். எந்த இடத்தில் மறைப்பு வைத்தாள், ஏன் வைத்தாள் என்று படத்தின் ஓரத்தில் எழுதி, மாதிரியை நேர் எதிரிலிருந்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளட்டும். தன் வேலைகளைச் சேர்த்துவைக்கப்போகும் கோப்பின் முதல் பக்கம் அதுதான்.