பகுதி நேரமாகக் கல்லூரியில் பாடம் எடுக்க ஆசையா? துறைத் தலைவரை (ஹெச்ஓடி) போய்ப் பாருங்கள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எம்.காம். முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும் பாஸ் செய்துவிட்டேன். மகள் ஒன்றாம் வகுப்பு. மதியத்துக்கு மேல் மாமியார் பார்த்துக்கொள்வார் என்பதால் பகுதி நேரமாகக் கல்லூரியில் பாடம் எடுக்கலாம் என்று ஆறு மாதமாக வேலைவாய்ப்பு இணையதளங்களில் விண்ணப்பிக்கிறேன். ஒரு அழைப்புகூட வரவில்லை. என்ன செய்வது?"

உங்கள் தகுதியில் ஒரு குறையும் இல்லை அம்மா, தேடுகிற இடத்தைத்தான் மாற்ற வேண்டும். வாரத்துக்கு ஏழெட்டு மணி நேர வேலைக்கு யாரும் பெரிதாக விளம்பரம் கொடுப்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கணக்குப்படி ஒரு உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. ஒரு துறையில் ஐந்து பேர், மொத்த வகுப்பு 88 மணி நேரம் என்று வையுங்கள், 80 போக எட்டு மிஞ்சும், அந்த எட்டுக்காக முழுநேர ஆளைப் போட மாட்டார்கள். ஹெச்ஓடி மேசையில் டைம்டேபிள் தாள் இருக்கும், ஆறு டே ஆர்டர் (கிழமைக்குப் பதிலாக முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணும் வரிசை), நாளுக்கு ஐந்து கட்டம். எல்லாவற்றிலும் பேனாவில் பெயர் எழுதியிருக்க, நாலைந்து கட்டத்தில் மட்டும் பென்சிலில் கேள்விக்குறி. நானே வருடக்கணக்கில் அப்படிப் போட்டுவிட்டு, யாரைக் கூப்பிடலாம் என்று ஃபோனில் தேடியிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் நம்பர் அங்கே இருக்க வேண்டும்.

அதனால் மே கடைசியிலும் நவம்பர் கடைசியிலும் நேரில் போங்கள், செமஸ்டர் தொடங்குவதற்கு முன்னால் டைம்டேபிள் போடுகிற சமயம் அது. அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மதியம் நடக்கும் சுயநிதிப் பிரிவு, அதாவது அரசு உதவி இல்லாமல் கல்லூரியே நடத்தும் செகண்ட் ஷிப்ட், உங்கள் நேரத்துக்கு ஒத்துவரும். அரசுக் கல்லூரி கௌரவ விரிவுரையாளர் பணி வேறு மாதிரி, அது கிட்டத்தட்ட முழுநாள் வேலை, இப்போதைக்கு உங்களுக்குச் சரிப்படாது.

போகும்போது ஒரே ஒரு பக்கத்தில் பயோடேட்டா போதும், ஆனால் "வணிகவியல் எல்லாமே எடுப்பேன்" என்று எழுதாதீர்கள். எந்த இரண்டு பேப்பர், எந்த எந்த நாள், எத்தனை மணியிலிருந்து என்று எழுதுங்கள். என் யோசனை, வருமான வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வருகிறது, பிரிவு எண்களெல்லாம் மாறுகின்றன, பழைய நோட்ஸை வைத்துக்கொண்டு இனி வகுப்புக்குப் போக முடியாது. அதைப் படித்துத் தயாராக வருகிறவரை எந்த ஹெச்ஓடியும் சும்மா திருப்பி அனுப்ப மாட்டார்.

கல்லூரியில் உடனே கிடைக்காவிட்டால் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இவற்றின் படிப்பு மையங்களில் கேளுங்கள், வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான்.

சம்பளத்தைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். வருகைதரு ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று யுஜிசி 2019-இல் சொல்லியிருக்கிறது. சுயநிதிப் பிரிவுகளில் அதில் பாதிகூடத் தராத இடங்கள் உண்டு, அதனால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, விடைத்தாள் திருத்த, தேர்வு அறை மேற்பார்வைக்குத் தனியாக உண்டா, இதையெல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள்.

அப்புறம் நியமன ஆணை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஒரு கல்லூரியில் மூன்று வருடம் அருமையாகப் பாடம் எடுத்தார், சம்பளம் கவரில் கையில் கொடுத்தார்கள், ஆணை எதுவும் இல்லை. அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க அனுபவச் சான்று கேட்டபோது பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு (டிஆர்பி) அந்தச் சான்றில் கல்லூரிக் கல்வி இணை இயக்குநரின் மேலொப்பம், அதாவது உறுதிசெய்யும் கையெழுத்து, வேண்டும், பதிவு இல்லாமல் அவர் எப்படிப் போடுவார்? அந்த மூன்று வருடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஆகவே வாரம் நாலு மணி நேரம் என்றாலும் ஆணையை எழுத்தில் வாங்குங்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள், சம்பளம் வங்கிக் கணக்குக்கு வரட்டும். சான்றிதழ்களை ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள், ஒரிஜினலைச் சரிபார்த்ததும் கையோடு வாங்கிவந்துவிடுங்கள்.