ஷிகிகாமி: ஏவியவனிடமே திரும்பும் ஏவல்

ஜப்பானியக் கதைகளில் வரும் ஷிகிகாமி போன்ற ஏவல் ஆவிகள் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

ஷிகிகாமின்னா காகித பொம்மைதானே அண்ணா? அனிமேல எல்லாம் அப்படித்தான் காட்டுறாங்க.

காகிதம் அது குடியேறும் கூடு மட்டும்தான் தம்பி. பழைய நூல்களில் பெரும்பாலும் அது கண்ணுக்கே தெரியாது. 'கோன்ஜாக்கு மொனோகதாரி'யில் ஓன்மியோஜி, அதாவது ஜோதிடமும் சடங்கும் செய்பவரான அபே நோ செய்மெய் (921–1005) வீட்டில் ஆள் இல்லாமலே சன்னல் பலகைகள் ஏறி இறங்கும், வாசற்கதவு தானே சாத்திக்கொள்ளும். 986-இல் கசான் பேரரசர் ரகசியமாக அரியணை துறந்து வெளியேறிய இரவைச் சொல்லும் 'ஓககாமி'யிலும் இப்படித்தான். அரண்மனைக்கு ஒரு ஷிகிகாமி போகட்டும் என்கிறார் செய்மெய். உருவம் தெரியாத ஒன்று செய்மெய் வீட்டுக் கதவை உள்ளிருந்து திறந்து, பேரரசர் இந்த வாசலைத்தான் இப்போது கடந்து போகிறார் என்று பதில் சொல்கிறது.

செய்மெயிடம் 12 ஷிகிகாமி இருந்ததாகச் சொல்கிறார்களே, அவை யார்?

அவற்றின் முகத்தைக் கண்டு மனைவி பயந்ததால், கியோத்தோவின் இச்சிஜோ மொதோரிபாஷி பாலத்தடியில் அவற்றைப் பதுக்கி வைத்தார் என்று பிற்காலக் கதை சொல்கிறது. பன்னிருவர் என்பது ஜோதிடப் பலகையிலிருந்து வந்த கணக்கு. சதுரமான நிலத்தட்டின் மேல் வட்டமான வானத்தட்டைச் சுழற்றிப் பலன் பார்ப்பார்கள். அந்தக் கணிப்பில் செய்ரியூ, பியாக்கோ, சுசாக்கு, கென்பு, தென்கூ என 12 தளபதிகள் உண்டு. பலகையின் பெயர் 'ஷிகிபன்'. அதில் வரும் 'ஷிகி'யும் ஷிகிகாமியின் 'ஷிகி'யும் ஒரே எழுத்து. செய்மெய் எழுதிய 'சென்ஜி ரியாக்கெத்சு'வின் 36 பகுதிகளும் இந்தக் கணிப்பு முறை பற்றியவைதான். ஆவியை அழைக்கும் மந்திரம் தேடி அதைத் திறப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். என்னைக் கேட்டால் அந்த நூலின் அழகே அதுதான்: அவர் முதலில் ஒரு கணிதக்காரர்.

சிறுகதை எழுதுகிறேன். ஏவல் தோற்றால் என்ன ஆகும்? புகையாகக் கரைந்துவிடுமா?

தயவுசெய்து கரையவிடாதீர்கள். புகையாகப் போனால் எதிரி இன்னொன்றை அனுப்புவான், அவ்வளவுதான். கதையில் பயமே மிஞ்சாது. 'உஜி ஷூயி மொனோகதாரி'யில் உள்ள முறையைப் பாருங்கள். அரண்மனைக்குள் நுழையும் இளம் அதிகாரி மேல் காகம் எச்சமிடுகிறது. அது ஏவல் பட்ட குறி என்று கண்டுகொண்ட செய்மெய், கூடவே அவர் வீட்டுக்குப் போய், அவரை இறுக அணைத்துக் காப்புக் கட்டி, விடிய விடிய ஓதுகிறார். விடியற்காலையில் கதவு தட்டப்படுகிறது. மாமனார் வீட்டில் அதிகாரிக்குக் கிடைத்த மதிப்பைப் பொறுக்காத சகலைதான் ஒரு ஓன்மியோஜியை அமர்த்தியிருக்கிறார். காப்பு வலுவாக இருந்ததால் ஏவல் திரும்பிவந்து ஏவியவரையே அடித்துவிட்டது என்று அவருடைய ஆள் வந்து சொல்கிறான். ஓன்மியோஜி செத்துப்போகிறார், சகலையை மாமனார் துரத்திவிடுகிறார். குறி, விடியும்வரை காவல், திரும்புதல்: மூன்றில் எதை விட்டாலும் இழை அறுந்துவிடும்.

புதைத்து வைக்கும் முறையும் அதே நூலில் உண்டு. பிரபு மிச்சினாகா கோவிலுக்குள் நுழைய விடாமல் அவருடைய நாய் மறிக்கிறது. சுமார் 5 ஷாகு, அதாவது ஒன்றரை மீட்டர் தோண்டினால், வாயோடு வாய் பொருத்தி, மஞ்சள் காகிதத் திரியால் குறுக்காகக் கட்டிய இரு மண் தட்டுகள். உள்ளே வேறொன்றும் இல்லை, அடியில் சிந்தூரத்தால் எழுதிய ஓர் எழுத்து மட்டும். செய்மெய் காகிதத்தைப் பறவையாக மடித்து ஓதி வீச, அது வெண்கொக்காகிப் பறந்து செய்தவன் வீட்டில் போய் விழுகிறது. வரலாறாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்: அந்த ஹோஜோஜி கோவில் கட்டப்பட்டது 1020 வாக்கில், செய்மெய் இறந்தது 1005-இல்.

குடகித்சுனேயும் இனுகாமியும் ஷிகிகாமிதானா?

இல்லை. மூங்கில் குழாயில் அடங்கும் நரி குடகித்சுனே. ஷிகொக்கு பக்கம் பேசப்படும் நாய் ஆவி இனுகாமி. இவை வேலை முடிந்ததும் போவதில்லை, குடும்பத்தோடு ஒட்டிக்கொள்ளும், வழிவழியாக வரும். அதனால் அப்படிப் பேரெடுத்த வீடுகளில் சம்பந்தம் செய்யவே ஊரார் தயங்கினார்கள். அந்த ஒதுக்குதல் நிஜ மனிதர்களைப் பாதித்தது என்பதை எழுதும்போது மறக்க வேண்டாம்.

'ஜுஜுத்சு கைசென்' அனிமேல மெகுமிங்கிற பையனோட பத்து ஷிகிகாமி எங்கிருந்து வந்தது?

ஓன்மியோஜி மரபிலிருந்து அல்ல. 'செந்தாய் குஜி ஹோங்கி' என்ற பழைய நூல் சொல்லும் பத்துப் புனிதப் பொருள்கள்தான் மூலம்: 2 கண்ணாடிகள், 1 வாள், 4 இரத்தின மணிகள், 3 சால்வைகள். அந்தப் பத்தில் ஒன்றான மஹோராகாவை அழைக்கும்போது வரும் 'ஃபுருபே யுராயுரா' என்ற மந்திரமும் அங்கிருந்துதான்.

இன்றைக்கும் காகித மனிதனைப் பயன்படுத்துகிறார்களா?

ஆம், ஆனால் ஏவுவதற்கு அல்ல, கழிப்பதற்கு. ஜூன் 30, டிசம்பர் 31 சடங்குகளில் ஷிண்டோ ஆலயங்கள் மனித வடிவில் வெட்டிய தாள் தரும். அதில் பெயரும் வயதும் எழுதி, உடம்பில் தடவி, வழக்கமாக மூன்று முறை ஊதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆலயத்தார் அதை ஆற்றில் விடுவார்கள் அல்லது எரிப்பார்கள். அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். கழித்த தீட்டு முழுவதும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.