நீச்சல்குளத்தில் இறக்கிய பிறகு 8 மாதப் பாப்பாவுக்குத் தோல் சிவக்கிறதா?

இறங்குமுன் தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். தண்ணீரில் பாப்பா கையிலிருந்து வழுக்கிவிடும். இறங்குமுன் முழங்கை, முழங்கால் மடிப்புகளில் மட்டும் வாசலினை மெல்லிசாகத் தடவுங்கள்.

மண்டபம் ஊரில் விடுதிக் குளத்தில் குளித்துவிட்டு வந்தால்தான் சிவக்கிறது என்கிறீர்கள். குளோரினும் தோலை வறட்டும்தான். ஆனால் குளத்தைவிட்டு வந்தபின் அலசிய தண்ணீர் மேல்தான் எனக்குச் சந்தேகம். நம்ம கரையோரத்தில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. உடம்பிலேயே காய்ந்தால் பிஞ்சுத் தோல் சொரசொரவென்று ஆகிவிடும்.

அடுத்த முறை குழாயில் வரும் காவிரிக் குடிநீரை ஒரு வாளி பிடித்து வைத்து, வெளியே வந்ததும் அதில் அலசிப் பாருங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் வாசனையில்லாத கிரீம் போடுங்கள். சிவப்பு வராவிட்டால் உப்புத் தண்ணீர் காரணமாக இருந்திருக்கலாம்.

வாசலின் வெயிலைத் தடுக்காது. வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். கொப்புளமோ நீர்க்கசிவோ இருந்தால் காத்திருக்காமல் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.