பத்துக்கு நாலு

அன்புள்ள ஐயா,

நான் பள்ளி மாணவர்களுக்குக் கூடைப்பந்துப் பயிற்சி தருகிறேன். அணியிலேயே திறமையான பையனுக்கு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று கூடைக்கு எறிவது, பத்துக்கு நாலுதான் விழுகிறது. எறியும் முறையை மாற்றச் சொன்னால் கேட்பதில்லை. அவன் எறிவதை வீடியோ எடுத்து எல்லார் முன்னிலையிலும் போட்டுக் காட்டினேன். அப்படியும் மாறவில்லை. எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறான். திமிர்தான். இவனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

செல்போனை விடுங்கள். எல்லார் முன்னிலையிலும் வீடியோ போட்டேன் என்கிறீர்களே, படித்ததும் கோபம் வந்தது. கூச்சத்தில் ஒடுங்கும் பையனைப் பார்த்துத் திமிர் என்கிறீர்கள்.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லைன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள். 32 ஃப்ரீ த்ரோவில் 28 விழுந்தன. இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, கால்களுக்கு நடுவிலிருந்து தூக்கி எறிந்த ஆட்டப் பருவம் அது. ஃப்ரீ த்ரோவில் அவருக்கு அதைவிட நல்ல பருவம் அமையவேயில்லை. அப்புறம் அந்த முறையையே விட்டுவிட்டார். பெண்பிள்ளைத்தனமாகத் தெரிகிறதே என்ற வெட்கம். தான் செய்தது தப்பு என்று தெரியும், ஆனால் முடியவில்லை என்று பின்னால் அவரே எழுதினார். அப்படியே எறிந்த இன்னொரு அமெரிக்க வீரர் ரிக் பேரிக்கு நூற்றுக்குத் தொண்ணூறு விழுந்தது. அவரும் முதலில் மறுத்தவர்தான்; அப்பா விடாமல் சொல்லித்தான் மாறினார்.

எட்டாம் வகுப்பில் நான் வாலிபால் ஆடினேன். கையைக் கீழிருந்து வீசி அடிக்கும் அண்டர்ஹேண்ட் சர்வீஸ், போட்டால் தவறாது. ஒரு மாலை சார் எல்லாரையும் உட்காரவைத்து, "மேலே தூக்கிப் போட்டு அடிடா" என்றார். அடித்தேன். பந்து என் தலைக்குப் பின்னால் போய் விழுந்தது. மதில்மேல் இருந்த பையன்கள் சிரித்தார்கள். அந்த வருடம் முழுக்க அந்தப் பக்கமே நான் போகவில்லை.

அடுத்த வருடம் ஊர் அணியில் ஆடிய அண்ணன் ஒருவர் காலை ஐந்தரைக்கு என்னை மட்டும் கூட்டிப்போனார். நெட் கட்டவில்லை. "அடிக்க வேண்டாம். தூக்கிப் போட்டுப் பிடி, போதும்" என்றார். ஒரு வாரம் அவ்வளவுதான். அப்புறம் சுவரைப் பார்த்து அடிக்கச் சொன்னார். பனியில் நனைந்த பந்து பட்டுச் சுவரில் வட்டவட்டமாக ஈரத்தடம் விழும். நாளாக ஆக அந்தத் தடங்கள் ஒன்றை ஒன்று நெருங்கி வந்தன. மேட்சில் பழைய சர்வீஸையே போடு, எப்போது மாறுவது என்பது உன் இஷ்டம் என்றும் சொல்லியிருந்தார்.

நீங்கள் அக்கறை இல்லாதவர் இல்லை. பத்துக்கு நாலு என்று எண்ணி வைத்திருக்கிறீர்களே. முதலில் அந்த வீடியோவுக்காக அவனிடம் வருத்தம் சொல்லுங்கள். தனியாக வேண்டாம், அன்று பார்த்த அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள். அப்புறம் மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன்னால், அவனுக்காக மைதானத்தைத் திறந்துவையுங்கள்.