கணினி கேள்வி–பதில்: பாதி பில்லில் மூடிக்கொள்ளும் திரை

கேள்வி: விளக்குத்தூண் பக்கத்து ஜவுளி மொத்தக்கடை ஒன்றின் மேலூர் கிளையில் பில் போடுகிறேன். மதுரை கடையில் இருக்கும் விண்டோஸ் சர்வருக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் போய்த்தான் வேலை. மதுரை, மேலூர், உசிலம்பட்டி மூன்று இடத்துக்கும் ஒரே யூசர் பெயர், ஒரே பாஸ்வேர்டு. பில் போடும்போதே திரை மூடிக்கொள்கிறது. திரும்ப நுழைந்தால் நான் திறக்காத லெட்ஜர் திறந்து கிடக்கிறது. கரண்ட் போய் வந்தால் பாதி போட்ட பில்லையே காணோம். சர்வீஸ் பார்ப்பவர், "துண்டித்த செஷனை 5 நிமிடத்தில் மூட வைத்திருக்கிறேன், அப்போதுதான் சர்வர் வேகமாக ஓடும்" என்கிறார். முதலாளியோ எனக்குக் கவனம் போதாது என்கிறார்.
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: உங்கள் கவனத்தில் ஒரு குறையும் இல்லை. இந்தப் பக்கத்தை அப்படியே முதலாளியிடம் காட்டுங்கள்.

திரை மூடிக்கொள்வதற்குக் காரணம் அந்த ஒரே யூசர் பெயர். செஷன் என்பது நீங்கள் நுழைந்ததும் சர்வரில் உங்களுக்காகத் திறக்கும் வேலை இடம். ஒரு பெயருக்கு ஒரு செஷன்தான் என்பது விண்டோஸ் சர்வரில் வழக்கமான ஏற்பாடு. உசிலம்பட்டியில் இருப்பவர் அதே பெயரில் நுழைந்ததும், நீங்கள் வைத்திருந்த செஷன் அப்படியே அவர் கைக்குப் போய்விடும். உங்களுக்குத் திரை மூடும். நீங்கள் மறுபடி நுழைந்தால் அவருக்கு மூடும். நீங்கள் பார்த்த அந்த லெட்ஜர் அவர் திறந்து வைத்தது. ஒரே பேனாவை மூன்று பேர் மாற்றி மாற்றிப் பிடுங்கி எழுதுகிற கதைதான். நாளைக்கு ஒரு பில்லில் தொகை தப்பாக இருந்தால், போட்டது யார் என்று சர்வரிடம் கேட்டும் தெரியாது. ஆளுக்கொரு யூசர் பெயர் கட்டாயம் வேண்டும்.

அதில் ஒரு செலவு உண்டு. கூடுதலாக எதுவும் சேர்க்காத விண்டோஸ் சர்வரில் ஒரே நேரத்தில் இரண்டு ரிமோட் செஷன்தான் இருக்க முடியும். அதுவும் சர்வரைப் பராமரிப்பதற்காகக் கொடுத்தது. மூன்று பேர் சேர்ந்து வேலை செய்ய ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் என்ற பகுதியை நிறுவி, அதற்கான லைசென்ஸும் வாங்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் 120 நாள் ஓடும், அப்புறம் இணைக்க விடாது. குறுக்கு வழி சொல்லித்தர ஆள் கிடைப்பார்கள். வருடக் கணக்கு முழுவதும் இருக்கிற சர்வரில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

அடுத்து, காணாமல் போகும் பில். கரண்ட் போனால் உங்கள் பக்க இணைப்புதான் அறுகிறது. சர்வரில் உங்கள் செஷன், பாதி பில்லோடு, உயிரோடுதான் இருக்கும். ஜன்னலின் பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும் இதே நிலைதான். சைன் அவுட் கொடுத்தால்தான் செஷன் முடியும். 5 நிமிடக் கெடு அந்தச் செஷனை முடித்துவிடுகிறது, சேமிக்காத பில்லும் அதோடு போய்விடுகிறது. துண்டித்த செஷன்கள் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று சர்வீஸ்காரர் சொல்வது சரிதான். ஆனால் அதற்கு 5 நிமிடம் என்பது கொடுமை.

சர்வீஸ்காரரை, சர்வரின் விதிகளை மாற்றும் குரூப் பாலிசி எடிட்டரில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனன்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் என்று வரிசையாக இறங்கச் சொல்லுங்கள். அங்கே 'செஷன் டைம் லிமிட்ஸ்' பகுதியில், துண்டித்த செஷனுக்கான கெடுவை 8 மணி நேரம் ஆக்கலாம். பராமரிப்புக்காக நிறுத்திய கரண்ட் அந்த 8 மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் பில் பிழைத்திருக்கும். இரவு 9 மணிக்கு மூடாமல் விட்டுப்போன செஷனும் விடிவதற்குள் ஒழிந்துவிடும். இணைப்பில் இருந்தும் சும்மா கிடக்கும் செஷனுக்கு 1 மணி நேரம் போதும். துண்டிக்கும் முன் 2 நிமிட எச்சரிக்கை வரும். கெடு முடிந்ததும் செஷனையே முடித்துவிடும் 'எண்ட் செஷன்' என்ற அமைப்பை மட்டும் இயக்க வேண்டாம். அப்போது வெறுமனே துண்டிப்பதோடு நிற்கும், சாப்பிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பக்கத்திலேயே 'கனெக்ஷன்ஸ்' பகுதி இருக்கிறது. அதில், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சர்வர் பார்க்கும் 'கீப் அலைவ்' இடைவெளியை 1 நிமிடமாக வைக்கச் சொல்லுங்கள். இது இல்லாவிட்டால், உங்கள் ஊரில் கரண்ட் போனதே தெரியாமல் நீங்கள் இன்னும் இணைப்பில் இருப்பதாகச் சர்வர் நினைத்துக்கொண்டிருக்கலாம். யூசர் கான்ஃபிகரேஷனிலும் இதே நேரக் கெடுக்கள் உண்டு. இரண்டு இடத்திலும் வேறு வேறாக இருந்தால் கம்ப்யூட்டர் பக்கம் சொல்வதுதான் நிற்கும்.

ஒன்று, உங்களுக்கு மட்டும்: மூன்று பொருள் போட்டதும் பில்லைச் சேமித்துவிடுங்கள். தீபாவளி வியாபாரத்திலும், 20ஆம் தேதி ஜிஎஸ்டி அவசரத்திலும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

கேள்வி: என் வீட்டு லேப்டாப்பில் குரூப் பாலிசி எடிட்டரே இல்லை. இதிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போக முடியுமா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: உங்களுடையது விண்டோஸ் ஹோம். அதிலிருந்து வெளியே இணைய முடியும். அதற்குள் யாரும் வர முடியாது. ஆபீஸ் கம்ப்யூட்டர் குறைந்தது புரோ பதிப்பாக இருக்க வேண்டும். இணைவது விபிஎன் என்ற பாதுகாப்பான தனிப் பாதை வழியாக இருக்கட்டும், ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் வாசலான 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும் என்பதால், அங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று போனில் கேட்டுவிட்டு நுழையுங்கள்.