வீட்டிலேயே படிக்கும் சிறு குழந்தைகளுக்கு இயற்கை நடையை எப்படிச் சேர்ப்பது?

ஐந்தும் ஏழுமாக இரண்டு பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிக்கவைக்கிறோம், வாரத்தில் எத்தனை நாள் வெளியே அழைத்துப் போவது, அதற்கான பாடத்திட்டம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பாடத்திட்டம் தேடாதீர்கள். நடந்து போகும் தூரத்தில் ஒரே ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் திரும்பத் திரும்ப அங்கேயே போங்கள். என் பதில் இவ்வளவுதான். மீதியெல்லாம் இதை நான் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்ட கதை.

பாளையங்கோட்டையை ஒட்டிய ஒரு சிற்றூரில் இருக்கிறோம். தொடங்கியபோது மகளுக்கு ஐந்து வயது. இப்போது அவளுக்கு எட்டு, தம்பிக்கு ஐந்து. முதல் சில மாதங்கள் நான் செய்தது பள்ளிக்கூடத்தைத் தூக்கி வெயிலில் வைத்ததுதான். இருபது பறவைகளின் படம் ஒட்டிய தாள், பார்த்ததும் டிக் அடிக்க ஒரு பென்சில். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கார் வைத்துக்கொண்டு போனோம். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூட்டம் கூட்டமாக இருந்தன. மகள் ஐந்து நிமிடம் பார்த்தாள். பிறகு காலடியில் போய்க்கொண்டிருந்த எறும்பு வரிசை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இவ்வளவு தூரம் வந்து எறும்பையா பார்ப்பாய்?" என்று அதட்டினேன். திரும்பும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. தாளில் மூன்று டிக் இருந்தது. மூன்றும் நான் போட்டவை.

அதை மாற்றியது குழியானை. எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் ஒரு சிறு கோயில் உண்டு. அதன் தாழ்வாரத்தின் கீழே, மழை படாத பொடிமணலில், புனல் புனலாகக் குழிகள். என் மாமியார், பிள்ளைகளுக்கு ஆச்சி, ஒரு குழியை அப்படியே கையில் அள்ளி ஊதினார். உள்ளங்கையில் மண் நிறத்தில் ஒரு பூச்சி பின்பக்கமாகவே நகர்ந்தது. "இதற்கு முன்னால் நடக்கத் தெரியாது" என்றார். அன்று ஒன்றரை மணி நேரம் நாங்கள் அங்கிருந்து அசையவில்லை. குழியில் எறும்பு சறுக்கினால் அடியிலிருந்து மணல் வாரி இறைக்கப்படுவதைப் பார்த்தோம். மறுநாளும் போக வேண்டும் என்றாள் மகள். எத்தனை குழி என்று எண்ணினாள், முப்பத்தொன்று. வெயில் படும் இடத்தில் ஏன் குழி இல்லை, சாரல் அடித்த மறுநாள் எங்கே போயின என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அது எவ்வளவு நல்ல பதில் என்பது பிறகுதான் புரிந்தது, ஏனென்றால் அடுத்த இரண்டு வாரமும் அவளே தேடினாள். குழியானை ஒரு புழுப்பருவம்தான், வளர்ந்தால் தும்பி போலச் சிறகு முளைத்துப் பறக்கும் என்று படித்துச் சொன்னபோது அவள் நம்பவே இல்லை. அவள் யாரும் சொல்லாமல் தானாக எழுதிய முதல் சொல் "குழியானை". ழகரம் தலைகீழாக இருந்தது.

வீட்டுக் கல்வி பற்றிப் படித்தால் சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரின் பெயர் கட்டாயம் வரும். 1923இல் இறந்தார். பார்த்ததைக் குழந்தை தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்டது. ஆனால் அவர் பரிந்துரைத்த நேரக் கணக்கு, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நாளுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வெளியே! இங்கிலாந்துக்கு அது சரி. திருநெல்வேலியில் சித்திரை வெயிலில் அப்படிச் செய்தால் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். நாங்கள் வாரத்தில் மூன்று நாள், காலை ஆறரைக்குக் கிளம்பி எட்டுக்குள் திரும்பிவிடுவோம். கோடையில் இன்னும் முன்னதாக. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட நேரமெல்லாம்.

ஒரே இடத்துக்குப் போவதில் என்ன லாபம் என்றால், மாற்றம் கண்ணில் படுகிறது. எங்கள் குளத்து மடையில் படிகள் உண்டு. போகும்போதெல்லாம் தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று மகள் குறித்துக்கொள்கிறாள். கார்த்திகையில் இரண்டு படி, மாசியில் ஏழு, சித்திரையில் அடிவரை தெரிந்து சேறு வெடித்துக் கிடந்தது. கட்டம் போட்ட தாளில் அவள் வரைந்த அந்தக் கோடுதான் எங்கள் வீட்டின் முதல் வரைபடப் பாடம். கரையில் நிற்கும் பனையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும். பாதி கட்டிய கூட்டைப் பெண் குருவி வந்து பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போய்விடும் என்பதை ஒருநாள் மட்டும் போய்ப் பார்த்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களை விடாதீர்கள். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் இருப்பதை ஆச்சிதான் சொன்னார். ஏன் அந்தப் பெயர் என்று மகன் குடைந்தெடுக்க, ஒரு செடியை வேரோடு பிடுங்கி வாசலில் போட்டோம். தெருவில் திரியும் சாம்பல் பூனை அதை முகர்ந்து, முகத்தைத் தேய்த்து, அதன் மேலேயே உருண்டது. கறுப்புப் பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாப் பூனையும் வணங்காது" என்று நோட்டில் எழுதச் சொன்னான்.

நோட்டு என்றதும் அழகான ஓவிய நோட்டை எண்ணிவிடாதீர்கள். சாதாரணக் கோடில்லாத நோட்டு. எழுதத் தெரியாத பிள்ளை சொல்லும், நாம் அதே வார்த்தைகளில் எழுத வேண்டும். திருத்தக் கூடாது, இது எனக்கு இன்றும் கஷ்டம்தான்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எல்லோரும் பாம்பைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். எனக்குப் பயம் தண்ணீர். மண் எடுத்த குளத்தில் முழங்கால் ஆழம் திடீரென்று ஆளை முழுக்கும். தண்ணீருக்கும் பிள்ளைக்கும் நடுவில் எப்போதும் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையோ காலோ வைக்கக் கூடாது என்பது பாம்புக்கான விதி. அப்படியும் கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். 108ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனை. எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது, அரளியில் எதுவும் வாய்க்குப் போகக் கூடாது.

பறவைப் பட்டியல் மீது ஆசை விடவில்லை என்றால், என்னைப் போல, பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் சேருங்கள். ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் பார்த்ததை எண்ணி இணையத்தில் பதிந்தால் போதும். சென்ற முறை எங்கள் கணக்கில் தவிட்டுக்குருவி, கரிச்சான், மைனா, காகம், ஒரு செம்போத்து. அபூர்வமாக எதுவும் இல்லை. மகனுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அடுக்குமாடியில் இருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. அப்படியானால் கறிவேப்பிலைத் தொட்டி ஒன்று போதும். கொழுந்தில் வெளிர்மஞ்சள் மணி போல ஒற்றை முட்டை தெரிகிறதா என்று தினமும் பாருங்கள். வருவது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியாக இருக்கலாம். புழு முதலில் பறவை எச்சம் போலவே இருக்கும், கடைசியில் பச்சையாகும். பச்சையான பிறகு ஒரு குச்சியால் மெல்லத் தொடுங்கள்; தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு நீளும், கூடவே ஒரு வாடை வரும். அது என்ன வாடை என்பதில் என் பிள்ளைகளுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. உங்கள் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று வந்து எழுதுங்கள்.